விளக்கேற்றும் நேரமும் ஆட்டம் தொடங்கும் நேரமும்

தென்னாப்பிரிக்காவில் யாரும் ஆண்டின் நடுவில் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில்லை. இங்கிலாந்தில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபரின் கடைசி ஞாயிறன்று மீண்டும் பின்னே இழுத்து வைக்கிறார்கள். இந்த வேறுபாட்டால், அங்கே சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும் பிரீமியர் லீக் கால்பந்தாட்டம், செப்டம்பர் மாதத்தில் டர்பன் வீடுகளுக்கு ஆறரை மணிக்கும், நவம்பர் மாதத்தில் ஏழரை மணிக்கும் வந்து சேர்கிறது. ஆறரை மணி என்பது டர்பனின் இந்தியக் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தமிழ் வீடுகளில் சாமி விளக்கு எரிந்துகொண்டிருக்கும் நேரம். ஏழரை மணி சாப்பாட்டு நேரம். பந்து எப்போது உருளத் தொடங்குகிறதோ அதற்கேற்ப வீட்டின் மாலைப்பொழுது முழுவதும் இடம் மாறுகிறது. ஆனால் அந்த நேரத்தைக் குறித்தவர்களுக்கு நம் வீட்டு மாலைப்பொழுதைப் பற்றி எண்ண வேண்டிய தேவை எதுவும் இருந்ததில்லை.

தொலைக்காட்சிக்காக ஆட்ட நேரம் மாற்றப்படுவதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இங்கிலாந்து ரசிகர்களின் பயணச் சிரமமே பேசப்படுகிறது. அது நியாயமான குறைதான். ஆனால் அதே அட்டவணை ஏறக்குறைய பத்தாயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள குடும்பங்களின் பூசையையும் படிப்பையும் உள்ளூர் மைதானத்தையும் தொடுகிறது என்பதை நாமாவது எழுதி வைக்க வேண்டும். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பது மட்டுமே இதில் சிக்கல் இல்லை. அந்த மணி எவ்வளவு முன்கூட்டி அறிவிக்கப்படுகிறது, மாற்றத்தின் சுமை வீட்டில் யார் தலையில் இறங்குகிறது என்ற இரண்டும் அதைவிடப் பெரிய கேள்விகள் என்பது என் கருத்து.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்ற பழைய தொடக்க நேரம் தொழிற்சாலைகளிலிருந்து பிறந்தது. 1850ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டம், பெண்களும் இளம் வயதினரும் சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று வரையறுத்தது. ஆலைகள் படிப்படியாக அந்த நேரத்தில் மூடத் தொடங்க, தொழிலாளி கைகால் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டு, நடந்தே மைதானத்துக்குப் போய்ச் சேர மூன்று மணி பொருந்தி வந்தது. ஆட்டம் பார்ப்பவரின் வாழ்க்கையை ஒட்டி ஆட்ட நேரம் அமைந்த காலம் அது. 1960களில் தொலைக்காட்சி வளர்ந்தபோது, பர்ன்லி கழகத்தின் தலைவராக இருந்த பாப் லார்டு, நேரலை ஒளிபரப்பு வந்தால் சிறிய கழகங்களின் மைதானங்கள் காலியாகிவிடும் என்று அஞ்சி மற்றக் கழகங்களையும் தம் பக்கம் திரட்டினார். அதன் விளைவாக வந்த தடை இன்றும் நீடிக்கிறது: இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்தாட்டத்தையும் நேரலையாக ஒளிபரப்ப முடியாது.

இந்தத் தடை பிரித்தானியாவின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். ஆகவே மான்செஸ்டரில் இருக்கும் ஒருவர் தன் வீட்டில் பார்க்க முடியாத மூன்று மணி ஆட்டத்தை சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து பார்க்கிறார். வெளிநாட்டு ரசிகர்களுக்கு இது பெரும் வசதி. ஆனால் இதே தடைதான், அங்கே விற்கத்தக்க ஆட்டங்களை மூன்று மணிக்கு வெளியே தள்ளியது. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஸ்கை நிறுவனம் ஞாயிறு மாலையையும் திங்கள் இரவையும் ஒளிபரப்பு நேரங்களாக்கியது. பிறகு சனிக்கிழமை பன்னிரண்டரை, சனிக்கிழமை ஐந்தரை, வெள்ளி இரவு என்று நேரங்கள் பெருகின. 2025இல் தொடங்கிய நான்காண்டு ஒப்பந்தத்துக்கு உள்நாட்டு ஒளிபரப்பாளர்கள் கொடுக்கும் தொகை 6.7 பில்லியன் பவுண்டு. அதன்படி ஆண்டுக்கு 380 ஆட்டங்களில் குறைந்தது 267 ஆட்டங்கள் அங்கே நேரலையாகக் காட்டப்படும். இவ்வளவு பணம் தருபவர் கேட்கும் நேரத்துக்கு மறுப்புச் சொல்லும் நிலையில் எந்தக் கழகமும் இல்லை.

அங்குள்ள ரசிகருக்கு இதன் பொருள் என்ன என்பதை நியூகாசிலை வைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் அந்த நகரத்திலிருந்து தென்கரையில் உள்ள பிரைட்டனுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டமென்றால் காலையில் கிளம்பி இரவே வீடு திரும்பலாம். திங்கள் இரவு எட்டு மணி என்றால் ஆட்டம் முடியும்போது வடக்கே போகும் கடைசி ரயில் போயிருக்கும். இரண்டு நாள் விடுப்பு, ஒரு இரவுத் தங்கல், பள்ளியில் படிக்கும் பிள்ளையை அழைத்துவர முடியாத நிலை என்று செலவு பல முகம் எடுக்கிறது. பருவத்தின் முழு அட்டவணை ஜூன் மாதத்தில் வெளிவருகிறது. ஆனால் தொலைக்காட்சிக்குத் தேர்வாகும் ஆட்டங்கள் பிறகு மாதவாரியாகப் பொறுக்கி எடுக்கப்பட்டு நாளும் நேரமும் மாற்றப்படுகின்றன. ஜூனில் மலிவாக ரயில் சீட்டு எடுத்துவைத்தவருக்குத்தான் நட்டம்.

குடும்பத்தை அட்டவணை எப்படித் தொடுகிறது என்பதற்கு இரண்டு கிறிஸ்துமஸ்கள் சாட்சி. 2023 டிசம்பர் 24 அன்று வுல்வர்ஹாம்டன் அணியும் செல்சீ அணியும் மோதின. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் பிரீமியர் லீக் ஆட்டம் வைக்கப்பட்டது 1995க்குப் பிறகு அதுவே முதல் முறை. ரசிகர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தும் ஆட்டம் நடந்தது. 2025இல் இதற்கு நேர்மாறானது நடந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குடும்பத்தோடு மைதானத்துக்குப் போவது அங்கே பல தலைமுறைப் பழக்கம். அந்த ஆண்டு அந்த நாளில் ஒரே ஒரு பிரீமியர் லீக் ஆட்டம்தான் வைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆட்டம் தேவையில்லாத நாளில் கிடைத்தது, தேவைப்பட்ட நாளில் கிடைக்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். புரட்டாசி மாதம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை வருகிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் இந்த மாதத்தை எவ்வளவு உறுதியாகக் காக்கிறார்கள் என்பது தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களையே வியக்க வைக்கும். மாதம் முழுவதும் மீன், இறைச்சி கிடையாது. சனிக்கிழமைகளில் பெருமாளுக்குப் பூசை. இந்த மாதம் முழுவதும் இங்கிலாந்தின் கோடைக்கால நேரத்துக்குள் அடங்குவதால், அங்குள்ள பன்னிரண்டரை, மூன்று, ஐந்தரை மணி ஆட்டங்கள் நமக்கு முறையே ஒன்றரை, நான்கு, ஆறரைக்கு வருகின்றன. சமையல், பூசை, சாப்பாடு என்று ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை எப்படி நகருமோ, அதன் ஒவ்வொரு கட்டத்தின் மீதும் ஓர் ஆட்டம் சரியாகப் பொருந்தி உட்காருகிறது.

சாட்ஸ்வொர்த்தில் 1960களில் மாநகராட்சி கட்டிய ஒட்டு வீடுகளை உள்ளே பார்த்தவர்களுக்கு இது இன்னும் தெளிவாகப் புரியும். முன்னறை சிறியது. ஒரு சுவரில் சாமி படங்களும் குத்துவிளக்கும். எதிர்ச் சுவரில் தொலைக்காட்சி. நான் பார்த்த ஒரு வீட்டில், அடுக்களையில் பூசணிக்காய்க் கறி இறங்கி, பூரி பொரிந்துகொண்டிருந்தது. வாழை இலைகளைத் துடைத்து அடுக்கிவிட்டு வந்த ஆயா, நாமம் இட்டுத் துளசி சாத்திய விளக்கின் முன் நின்று பேரனைக் கூப்பிட்டார்.

"ராசா, கற்பூரம் காட்டியாச்சுன்னா அப்புறம் உட்கார்ந்து பாரேன்."

"இன்னும் அஞ்சு நிமிஷந்தான் ஆயா, ஹாஃப் டைம் வந்துடும்."

பேரன் பதில் சொன்னது ஆங்கிலத்தில். பாட்டியின் தமிழ் அவனுக்கு நன்றாகவே விளங்கியது. இறுதியில் வீட்டுக்காரர் எழுந்து ஒலியை மட்டும் நிறுத்தினார். படம் ஓடிக்கொண்டே இருக்க, எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டி நின்று கும்பிட்டார்கள். பூரி மட்டும் ஆறிப்போயிருந்தது. மருமகள் மறுபடியும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினார்.

அந்த இரண்டாவது முறை ஏற்றிய எண்ணெய்ச் சட்டியை ஒளிபரப்பு ஒப்பந்தம் எழுதுபவர்கள் அறிய மாட்டார்கள். ஆட்டம் பார்ப்பவருக்கு அட்டவணை மாற்றம் என்பது உட்காரும் நேரம் மாறுவது மட்டுமே. அவரைச் சுற்றியுள்ளவர்களுக்கோ அது வேலை கூடுவது. இடைவேளைக்குள் சாப்பாடு பரிமாறி முடிப்பது, சின்னக் குழந்தையைச் சத்தம் போடாமல் வேறு அறையில் தூங்க வைப்பது, வந்த விருந்தாளி தனியே உட்கார்ந்துவிடாமல் பேச்சுக் கொடுப்பது ஆகியவை பெரும்பாலும் பெண்கள் செய்வன. பெண்களும் ஆட்டம் பார்க்கிறார்கள். லிவர்பூல் அணியைப் பற்றி மகனைவிடக் கூடுதலாகத் தெரிந்த அம்மாக்களை நான் அறிவேன். அவர்களும் அடுக்களை வாசலில் நின்றபடிதான் பாதி ஆட்டத்தைப் பார்க்கிறார்கள் என்பதே எனக்கு உறுத்துகிறது.

படிப்பின் கணக்கு வேறு. ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக்கின் முக்கிய ஆட்டங்கள் மத்திய ஐரோப்பிய நேரப்படி இரவு ஒன்பதுக்குத் தொடங்குகின்றன. செப்டம்பரில் அது நமக்கும் ஒன்பது மணி. அங்கே கடிகாரம் பின்னே போனதும் நமக்குப் பத்து மணி ஆகிவிடுகிறது. ஆட்டம் முடியும்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும். நம் பள்ளி ஆண்டு சனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவது. பள்ளி இறுதியாண்டு மெட்ரிக் தேர்வு அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடப்பது. ஆக, பிள்ளைகள் சீக்கிரம் தூங்கி எழ வேண்டிய அந்த வாரங்களில்தான் ஆட்டம் ஒரு மணி நேரம் தள்ளிப் போகிறது. 2024இல் இந்தப் போட்டி 36 அணிகளாக விரிக்கப்பட்டு, மொத்த ஆட்டங்கள் 125இலிருந்து 189 ஆகக் கூடின. புதன் காலையும் வியாழன் காலையும் வகுப்பில் கண்ணைக் கசக்கும் மாணவர்களைக் காணாத ஆசிரியர் இந்தப் பகுதியில் இருக்க மாட்டார்.

2022, 2023ஆம் ஆண்டுகளில் மின்தடை உச்சத்தில் இருந்தபோது வீட்டில் இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்று லீக்குடையது, மற்றொன்று அரசு மின் நிறுவனமான எஸ்காமுடையது. எந்த வட்டாரத்தில் மின்சாரம் இருக்குமோ அந்த வட்டாரத்து உறவினர் வீட்டுக்குக் குடும்பமே கிளம்பியது. அதை ஒரு நல்ல நினைவாகச் சொல்பவர்களும் உண்டு. உண்மையில் தொலைக்காட்சிக் கால்பந்து பிரித்தது போலவே சேர்த்தும் வைத்திருக்கிறது. உயர்ந்த சந்தா கட்டி டிகோடர் வைத்திருக்கும் மாமா வீட்டில் ஞாயிறு பிற்பகல் கூடுவது, மைதானத்துக்கு நடக்க முடியாத தாத்தா பேரனோடு ஒரே அணியின் சட்டை போட்டு உட்காருவது, மூன்று ஷிப்ட் வேலை செய்பவர் எந்த நாளில் விடுப்புக் கிடைத்தாலும் ஏதோ ஓர் ஆட்டம் பார்க்க முடிவது ஆகிய இவற்றைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

நேரத்துக்கேற்ப வழிபாட்டை நகர்த்திக்கொள்வது நமக்குப் புதிதும் இல்லை. நேட்டாலில் மாரியம்மன் திருவிழாக்கள் பல புனித வெள்ளியன்று நடக்கின்றன. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு அந்த நாளில் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தீமிதி நடக்கிறது. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்குக் கரும்புத் தோட்டத்தில் விடுமுறை கிடைத்த நாள் அது என்பதே பெரியவர்கள் சொல்லும் காரணம். தைப்பூசக் காவடியையும் பல கோயில்கள் அருகிலுள்ள ஞாயிறுக்கு மாற்றியே எடுக்கின்றன. தோட்ட முதலாளியின் நாட்காட்டிக்குள் நம் முன்னோர் தங்கள் அம்மனுக்கு ஓர் இடம் தேடிக்கொண்டார்கள். ஆனால் புனித வெள்ளி எந்த நாளில் வரும் என்பது அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே தெரியும். கொடியேற்றம் எப்போது, காப்புக் கட்டுவது எப்போது, விரதம் தொடங்குவது எப்போது என்று பின்னோக்கி எண்ணி ஒரு குடும்பம் தயாராக முடிந்தது.

இந்த முன்னறிவிப்புத்தான் இன்று இல்லாதது. டர்பனில் தமிழ்த் திருமணங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கின்றன. நல்ல மண்டபம் வேண்டுமென்றால் ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். ஒரு முக்கிய ஆட்டம் சனிக்கிழமையிலிருந்து ஞாயிறுக்கு மாற்றப்படுவது ஐந்தாறு வாரங்களுக்கு முன்புதான் தெரியவருகிறது. முகூர்த்தத்தின்போது பின்வரிசை இளைஞர்கள் கைப்பேசியைக் குனிந்து பார்த்திருப்பதைக் கண்டு வருத்தப்படும் பெரியவர்கள் பிள்ளைகளின் ஒழுக்கத்தையே குறை சொல்கிறார்கள். ஓராண்டுக்கு முன் முடிவான ஒன்றின் மீது ஒரு மாதத்துக்கு முன் முடிவான ஒன்று ஏறி உட்கார்ந்தால் ஒழுக்கம் மட்டும் எவ்வளவு தாங்கும்?

அரசு மனம் வைத்தால் நாட்காட்டி எப்படியெல்லாம் வளையும் என்பதை 2010இல் பார்த்தோம். உலகக் கோப்பை சூன் 11 முதல் சூலை 11 வரை நம் நாட்டில் நடந்தபோது, பள்ளிகளின் குளிர்கால விடுமுறையை நீட்டிப் போட்டிக் காலம் முழுவதையும் அதற்குள் அடக்கினார்கள். குழுநிலை ஆட்டங்கள் பகல் ஒன்றரை, மாலை நான்கு, இரவு எட்டரை என்று அமைந்தன. எட்டரை என்பது ஐரோப்பாவில் மக்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தோடு ஒத்துப்போனது. நம் குளிர் இரவு அவர்களுக்கு வசதியான மாலையாக இருந்தது. ஆனாலும் அந்த நேரங்கள் மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தன, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, ஊரே சேர்ந்து பார்த்தது. ஆகவே யாருக்கும் அது சுமையாகத் தோன்றவில்லை. வட அமெரிக்காவின் 2026 உலகக் கோப்பையில் கணக்குத் தலைகீழ். நியூயார்க்கில் இரவு எட்டு என்றால் டர்பனில் அதிகாலை இரண்டு மணி.

உள்ளூர்க் கால்பந்தின் நிலையைச் சொல்லாமல் இந்த விளக்கம் முழுமையடையாது. சொல்லப்போனால் எனக்கு மிகுந்த மனவருத்தம் தருவதும் இதுதான். டர்பன் இந்தியர்களின் கால்பந்து வரலாறு தொலைக்காட்சிக்கு மிக மூத்தது. சாம் சைனா கோப்பைக்காக மாகாணங்களுக்கிடையே இந்திய அணிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் மோதி வந்தன. தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு வந்ததே 1976 சனவரியில்தான். அதற்கு முந்தைய தலைமுறைகளுக்குக் கால்பந்து என்றால் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானம். இன ஒதுக்கல் காலத்தில் அங்கே ஆட்டம் பார்க்கக் கூடுவது ஓர் அரசியல் செயலாகவும் இருந்தது. சாட்ஸ்வொர்த்தை மையமாகக் கொண்ட மேனிங் ரேஞ்சர்ஸ் அணி, கார்டன் இகெஸண்ட் பயிற்சியில், 1996-97இல் புதிதாகத் தொடங்கிய தென்னாப்பிரிக்கப் பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் கோப்பையையே வென்றது. கெய்சர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரேட்ஸ் போன்ற பெரும் பெயர்களை முந்திக்கொண்டு ஓர் இந்தியக் குடியிருப்பின் அணி வென்றதை நேரில் கண்டவர்கள் இன்றும் அதைப் பேசும்போது குரல் உயர்கிறது. பின்னாளில் அந்த அணி தரம் இறங்கி, கைமாறி, மறைந்தது. அந்த மறைவுக்குத் தொலைக்காட்சியைக் காரணம் சொல்ல மாட்டேன். பணமும் நிர்வாகமும் அதில் பெரும் பங்கு வகித்தன. ஆனால் அது மறைந்த பிறகு அதன் இடத்தை இன்னோர் உள்ளூர் அணி நிரப்பாமல் இங்கிலாந்து அணிகள் நிரப்பியதற்கு, ஞாயிறு பிற்பகல் முழுவதையும் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது ஒரு காரணம். வட்டார லீக்குகள் ஆடும் அதே பிற்பகலில்தான் இங்கிலாந்தின் ஞாயிறு ஆட்டங்களும் வருகின்றன.

தென்னாப்பிரிக்க லீக்கின் அட்டவணையும் தொலைக்காட்சியின் கையில்தான் இருக்கிறது. 2007இல் சூப்பர்ஸ்போர்ட் நிறுவனம் ஐந்தாண்டுக்கு 1.6 பில்லியன் ராண்ட் தந்து ஒளிபரப்பு உரிமையைப் பெற்றது. கழகங்களுக்கு மாதந்தோறும் நிலையான வருமானம் வந்தது, வீரர்களின் ஊதியம் உயர்ந்தது. இதை நன்மை என்றே சொல்ல வேண்டும். ஆனால் சந்தா கட்ட முடியாத குடும்பம், அரசுத் தொலைக்காட்சியான எஸ்ஏபிசி அந்த நிறுவனத்திடமிருந்து பெற்றுக் காட்டும் ஆட்டங்களையே நம்பி இருக்க வேண்டியதாயிற்று. 2019 ஆகஸ்டில் அந்த இரு தரப்புக்கும் பேச்சு முறிந்தபோது, பருவத்தின் தொடக்கத்தில் இலவசத் தொலைக்காட்சியில் ஆட்டம் வரவில்லை. அமைச்சர்கள் தலையிட்ட பிறகே வழி பிறந்தது.

வார நாளில் இரவு ஏழரை மணிக்கு டர்பனில் ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சிக்கு அது நல்ல நேரம். ஆட்டம் ஒன்பதரைக்கு முடிகிறது. அந்த நேரத்தில் மினிபஸ் டாக்சிகள் அரிது. சொந்தக் கார் இல்லாதவர், பிள்ளைகளோடு வந்தவர், இரவில் தனியே நடக்க அஞ்சும் பெண் ஆகிய மூவரும் வராமல் இருப்பதே நலம் என்று முடிவு செய்கிறார்கள். மோசஸ் மபீடா போன்ற பெரிய அரங்கத்தில் சில ஆயிரம் பேர் மட்டும் சிதறி உட்கார்ந்திருக்கும் காட்சியைத் திரையில் பார்ப்பவர், உள்ளூர்க் கால்பந்தில் மக்களுக்கு ஆர்வமில்லை என்று எண்ணிக்கொள்கிறார். ஆர்வம் இருக்கிறது, வீடு திரும்பத்தான் வழியில்லை. சனிக்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு சீஃப்ஸ், பைரேட்ஸ் மோதினால் சொவேட்டோவின் அரங்கம் நிரம்பி வழிவது ஏன் என்று லீக்கின் அலுவலகம் யோசித்தால் போதும்.

பந்தயச் சூதாட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டங்கள் வாரம் முழுவதும் பரவியதில், பணம் வைக்கும் வாய்ப்பும் வாரம் முழுவதும் பரவிவிட்டது. நம் லீக்கின் பெயரே 2024 முதல், பெட்வே என்ற பந்தய நிறுவனத்தின் பெயரில், பெட்வே பிரீமியர்ஷிப். முன்பு சனிக்கிழமைக்கு மட்டும் இருந்த ஆசை செவ்வாய் இரவும் கைப்பேசியில் வந்து நிற்கிறது. சம்பளநாள் வரை வீட்டைக் கொண்டுசெலுத்த வேண்டியவருக்கு இது எத்தகைய அச்சம் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

அட்டவணையை மாற்றவே முடியாது என்று சொல்பவர்களுக்கு எதிராக நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஜெர்மனியின் புந்தெஸ்லீகா 2017-18இல் ஐந்து ஆட்டங்களைத் திங்கள் இரவுக்கு மாற்றியபோது, ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசியும் விசிலடித்தும் எதிர்த்தார்கள். கழகங்கள் பணிந்து, 2021-22 பருவம் முதல் திங்கள் ஆட்டங்களைக் கைவிட்டன. சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் 2010இல் புதன் இரவிலிருந்து சனிக்கிழமைக்கு மாறியது, பிள்ளைகளும் பார்க்கட்டும் என்ற காரணத்தோடு. 2026 மே 30 புடாபெஸ்ட் இறுதியாட்டத்துக்கு, வழக்கமான ஒன்பது மணிக்குப் பதிலாக மாலை ஆறு மணியை அறிவித்தது ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம்; குடும்பங்களும் பொதுப் போக்குவரத்தும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அந்த அறிவிப்பு ஒன்பது மாதங்களுக்கு முன்பே வந்தது. டர்பனிலும் அப்போது மணி ஆறுதான். விளக்கை ஐந்தரைக்கே ஏற்றிவிடலாம் என்று ஒரு வீடு அப்போதே முடிவு செய்ய முடிந்தது.

இங்கிலாந்தின் நேரத்தை நாம் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பவற்றை நகர்த்தலாம். நான் பாடம் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பிற்பகல் இரண்டிலிருந்து காலை ஒன்பதரைக்கு மாற்றினோம். ஒன்றரை மணி ஆட்டத்துக்காக வராமலிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், பெற்றோருக்கும் அது வசதியாயிற்று. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பூசையை ஐந்தரைக்கு வைத்துக்கொள்ளும் வீடுகள் இப்போது கூடிவருகின்றன. நான்கு மணி ஆட்டத்தின் முடிவோடு அது மோதினாலும், மாலைச் சமையல் ஒரே முறையில் முடிகிறது என்கிறார்கள் அந்த வீட்டுப் பெண்கள். ஆனால் உள்ளூர் லீக்கின் நேரம் டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் உட்கார்ந்து தீர்மானிக்கப்படுவது. அதில் நாம் பேசலாம், பேச வேண்டும். அடுத்த ஒளிபரப்பு உரிமை எழுதப்படும்போது, அறிவித்த தேதியை ஆறு வாரங்களுக்குள் மாற்றக் கூடாது என்றும், நேட்டால் கழகங்களின் சொந்த ஊர் ஆட்டங்களில் ஒரு பாதியாவது சனி, ஞாயிறு பிற்பகலில் வைக்கப்பட வேண்டும் என்றும், வார இரவில் வைத்தால் அரங்கத்திலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கும் உம்லாசிக்கும் க்வாமாஷுவுக்கும் பேருந்து விட வேண்டும் என்றும் ரசிகர் சங்கங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். கழகங்களின் வருமானத்தில் ஒரு ராண்டும் குறையாமல் நிறைவேற்றக்கூடியது இவற்றில் முதலாவது; அதிலிருந்தே தொடங்கலாம்.